கொழுந்து மலையும் தாய்லாந்து நாடகமும்

சென்ற ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஹட்டனில் விடாது மழை பெய்துகொண்டிருந்தது. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. உயர்தர வகுப்பில் படிக்கும் என் தங்கை மகள், கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைத்தொலைபேசியில் ஏதோ நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை நெருங்குவதை நினைவூட்டலாமென்று அருகே சென்றவன், சொல்ல வந்ததை மறந்து நின்றுவிட்டேன். அந்தச் சின்னஞ்சிறு திரையில் ஒரு தேயிலை மலை தெரிந்தது. பனிமூட்டம், சரிவில் வரிசை வரிசையாகச் செடிகள், கூடை சுமந்த மனிதர்கள். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமாக இருக்குமோ என்று எண்ணினேன்.

"இது தாய்லாந்து, மாமா. கொழுந்து வாங்குற ஆள் சனங்கள ஏமாத்துறான். புதுசா வந்த வாத்தியார் கேள்வி கேக்குறாரு, பாருங்க" என்றாள்.

கொழுந்துக் கதை என்றதும் உட்கார்ந்துவிட்டேன். அன்று மூன்று அத்தியாயங்கள் பார்த்தோம். அந்த வாத்தியார்ப் பையனின் மனம் யார்மீது செல்கிறது என்பது மூன்றாவது முடியும் தறுவாயில்தான் எனக்கு உறைத்தது. வனக்காவல் அதிகாரியாக வரும் இளைஞன்மீது!

"என்னம்மா இது?" என்றேன்.

"இது அந்த மாதிரி நாடகந்தான் மாமா. எங்க வகுப்புல பாதிப் பேரு பாக்குறாங்க" என்று என் முகத்தைப் பாராமலே சொன்னாள். தொலைபேசியைப் பிடுங்கிவிடுவேனோ என்று அஞ்சினாள் போலும். முப்பது வருடம் ஆசிரியனாக இருந்தவனுக்குப் பிடுங்குவது கைவந்த கலை. ஆயினும் அன்று பிடுங்கவில்லை. அதற்கொரு காரணம் உண்டு, பின்னர் சொல்கிறேன்.

அதன் பிறகு இவ்வகைத் தொடர்கள் பலவற்றைப் பார்த்தேன். சிலவற்றை முழுவதும், சிலவற்றைப் பொறுமையிழந்து பாதியிலும். நம் வீட்டுப் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை.

தாய்லாந்தில் இவற்றை 'வை' தொடர்கள் என்கின்றனர். 'யாவோய்' என்னும் யப்பானியச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் முதலெழுத்து அது. ஆண்பிள்ளைகள் இருவருடைய காதலைக் கூறும் கதைகளை 1970-களில் யப்பானில் பிரசித்தப்படுத்தியவர்கள், சிறுமியருக்கான சித்திரக்கதைப் பத்திரிகைகளில் வரைந்த பெண்களே. மோட்டோ ஹாகியோ, கெய்க்கோ தாக்கெமியா ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். அவ்வித்து தாய்லாந்துக்கு வந்து, இணையத்தில் தொடர்கதை எழுதிய இளம் பெண்களின் கையில் வளர்ந்தது. 2007-இல் 'லவ் ஆஃப் சயாம்' என்ற திரைப்படம் வந்தது. 2014-இல் 'லவ் சிக்' என்ற தொடர் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. 2016-இல் 'சோட்டஸ்' வந்தது. 2020-இல் கொரோனாத் தொற்றினால் உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்த மாதங்களில் 'டுகெதர்' என்னும் தொடர் நாடு நாடாகப் பரவிற்று. யூடியூபில் ஆங்கில வசனத்தோடு இலவசமாகக் கிடைத்ததால் எல்லையும் தடையாகவில்லை. என் மருமகளின் ஆங்கில வாசிப்பு இந்த வசனங்களால் விரைவுபட்டிருக்கிறது என்பதை, அவளுடைய ஆசிரியைக்குத் தெரியாமல், இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பெண்கள் எழுதி, பெரும்பாலும் பெண்களே விரும்பிப் பார்க்கும் கதைகள் என்பதை மனத்திற் கொண்டால் இவற்றின் குணம் விளங்கும். பெண்ணின் விழியையும் இடையையும் ஆண்கள் வர்ணித்ததைப் படித்தே பழகியவர்கள் நாம். இங்கே கதாநாயகன் காய்ச்சல் கண்டவனுக்குக் கஞ்சி வைக்கிறான், நெற்றியில் ஈரத்துணி போடுகிறான், கூச்சமின்றி அழுகிறான். பத்துப் பேரை அடித்து வீழ்த்தித் தன் ஆண்மையை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. ஒருவன் மற்றவனுடைய சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுப்பதை ஐந்து நிமிடம் பொறுமையாகக் காட்டும் நாடகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நம் தமிழ்த் திரையில் இத்தகைய மனிதர்கள் வந்தபோதெல்லாம் ஒன்று நகைச்சுவைக்கு வந்தார்கள், அல்லது பயமுறுத்த வந்தார்கள். 2006-இல் வெளியான 'வேட்டையாடு விளையாடு' படத்தில் அந்தச் சாயல் கொலைகாரர் இருவர்மீதே பூசப்பட்டிருந்தது. தங்களை ஒத்த ஒருவனைக் கேலிப்பொருளாகவோ கொலைகாரனாகவோ அன்றி வேறெவ்விதமாகவும் திரையிற் காணாத ஒரு பிள்ளை, தாய்லாந்துத் தொடரைக் கண்டு இரவெல்லாம் விழித்திருந்தால் அதில் வியப்பென்ன?

மருமகள் அன்று பார்த்த தொடரின் பெயரைத் தமிழில் 'ஆயிரம் விண்மீன்களின் கதை' எனலாம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை பத்து அத்தியாயங்களாக வெளிவந்தது. பாங்கொக் நகரத்துச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை டியான். இதய நோயாற் சாகக் கிடந்தவனுக்கு, விபத்தில் மாண்ட ஓர் இளம் பெண்ணின் இதயம் பொருத்தப்படுகிறது. அவள் வடக்கிலுள்ள மலைக்கிராமம் ஒன்றில் தொண்டாசிரியையாக இருந்தவள். அவளுடைய நாட்குறிப்பைப் படித்துவிட்டு, அவன் அதே கிராமத்துக்கு வாத்தியாராகப் போகிறான். அங்கே வனக்காவலரின் தலைவன் பூபா. மலை உச்சியில் நின்று ஆயிரம் விண்மீன்களை எண்ணி முடித்தால் நினைத்தது பலிக்கும் என்பது அவ்வூர் நம்பிக்கை.

தேயிலைதான் அக்கிராமத்தின் சீவனம். கொழுந்து வாங்கும் வியாபாரி, கணக்கறியாத சனங்களுக்குக் குறைந்த விலை கொடுத்து அனுப்புகிறான். டியான் தலையிட்டுக் கேட்கிறான். மலையகத்திற் பிறந்த எவருக்கும் இக்காட்சியைப் பார்க்கையில் மாலைத் தராசு நினைவுக்கு வரும். தண்ணீருக்கு இத்தனை கிலோ, கூடைக்கு இத்தனை கிலோ என்று கழித்து எழுதும்போது, நம் பெண்கள் ஒன்றும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை நினைவுக்கு வரும். அத்தொடர் வெளிவந்துகொண்டிருந்த அதே 2021 மார்ச்சில்தான் இங்கே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர், நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையைக் கூட்டிவிட்டார்கள் என்ற முறைப்பாடு பல தோட்டங்களில் எழுந்ததும் நேயர்கள் அறிந்ததே. காதலுக்கு நடுவே தேயிலையின் விலையைப் பேசத் துணிந்த அந்த நாடகத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதை இரண்டாம் முறை பார்த்தபோது வேறொன்று கண்ணிற் பட்டது. காதலர் இருவரில் ஒருவன் தலைநகரத்துப் பணக்காரன். மற்றவன் அரசாங்க அதிகாரி. கொழுந்து பறிப்பவர்கள் சிரிக்கிறார்கள், விருந்து வைக்கிறார்கள், நன்றி சொல்கிறார்கள். அவர்களுக்குக் காதல் இல்லை. நுவரெலியாவில் ஒரு நாடகம் எடுத்து, அதில் துரையும் வனத்துறை அதிகாரியும் காதலிக்க, லயத்துச் சனங்கள் பின்னால் நின்று கைதட்டினால் எப்படியிருக்கும்! இவ்வகைத் தொடர்களின் பெருங்குறை இதுவென்பது என் அபிப்பிராயம். இவற்றில் வரும் பிள்ளைகளுக்குத் தனி அறை இருக்கிறது. பெரும்பாலோர் சர்வகலாசாலை மாணவர். நல்ல சட்டை, கார், கித்தார், வெளுத்த மேனி. வெளுப்பின் மீதுள்ள மோகத்தில் தாய்லாந்துத் திரைக்கும் தமிழ்த் திரைக்கும் பேதமே இல்லை. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் ஆறு பேர் படுத்து, அடுத்த காம்பராவின் இருமலைக் கேட்டபடி உறங்கும் பிள்ளைக்கு, காதலிப்பதற்கு முதலில் வேண்டியது ஒரு கதவு. அந்தக் கதவைப் பற்றி எந்தத் தொடரும் பேசுவதில்லை.

இன்னொரு குறை அதனினும் கடியது. ஆரம்பத்தில் வந்த தொடர்கள் பலவற்றில், 'வேண்டாம்' என்று சொல்பவனை விடாமல் துரத்துவதே காதலின் இலக்கணமாகக் காட்டப்பட்டது. போதையிலோ உறக்கத்திலோ இருப்பவனிடம் அத்துமீறுவதும் செல்லக் குறும்பாகச் சித்திரிக்கப்பட்டது. 2019-இல் வந்த 'தார்ன்டைப்' இதற்குப் பெயர்போனது. சிறுவயதில் வன்முறைக்கு ஆளான ஓர் இளைஞன், அதனாலேயே இத்தகையோரை வெறுக்கிறான். அவனுடைய சம்மதத்தைக் கேளாத தீண்டலிலிருந்து காதல் முளைப்பதாகக் கதை செல்கிறது. அதைப் பலர் கண்டித்தனர்; அப்படியிருந்தும் அது பெருவெற்றி பெற்றது. பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிக்கச் செய்யும் நம் கதாநாயகர்களைக் கண்டித்துவிட்டு, இதனை மட்டும் ரசிப்பது எவ்வாறு பொருந்தும் என்று மருமகளிடம் கேட்டேன். "நான் அத பாதியில நிறுத்திட்டேன் மாமா" என்றாள். மனம் நிறைந்தது.

'சோட்டஸ்' இன்னொரு விதம். பொறியியற் பீடத்தில் மூத்த மாணவர்கள் புதிய மாணவர்களை வரிசையில் நிறுத்தி அதட்டுகிறார்கள், ஓடச் செய்கிறார்கள், தண்டிக்கிறார்கள். அதட்டும் தலைவனுக்கும் எதிர்த்து நிற்கும் புதியவனுக்கும் இடையே அன்பு மலர்கிறது. நடிப்பு நன்று, வசனமும் நன்று. எனினும் என்னால் அதை ரசிக்க இயலவில்லை. 1997-இல் பேராதனைப் பொறியியற் பீடத்திற் சேர்ந்த தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையால் உயிரிழந்தான். மறு வருடம் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. அந்த மரணச் செய்தியைப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். முழங்காலில் நிற்கும் மாணவனைக் கண்டால் எனக்குக் காதல் நினைவுக்கு வருவதில்லை.

வியாபாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோகக் காட்சியின் நடுவே முகப்பூச்சையோ நொறுக்குத் தீனியையோ எடுத்து அதன் பெயர் தெரியப் பிடித்துக் காட்டுவார்கள். நாடகத்தில் இணைந்த நடிகர் இருவரையும் மேடை மேடையாக ஜோடியாக நிறுத்தி ரசிகர்களுக்கு விற்பார்கள். அவருள் ஒருவர் வேறொருவரோடு பழகுவதாகத் தெரிந்தால், ஏமாற்றப்பட்டவர்போல் ரசிகர்கள் கொதிப்பார்கள். அந்த நடிகர்களும் இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளே என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

காலம் செல்லச் செல்ல இத்தொடர்கள் தம்மைத் தாமே திருத்திக்கொண்டன என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் குறுக்கே வரும் பெண் பொறாமைக்காரியாகவே இருப்பாள். 2021-இல் தொடங்கிய 'பேட் பட்டி'யில் அப்படி ஒருத்தி வரப்போகிறாள் என்று நாம் காத்திருக்க, அவளோ கதாநாயகனின் தங்கையை விரும்புகிறாள்! 'ஆயிரம் விண்மீன்களின் கதை'யை இயக்கிய நொப்பர்னாட் சாயவிமோலின் கைவண்ணமே இதுவும். 2020-இல் வந்த 'ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ' என்ற ஐந்து அத்தியாயத் தொடரோ எல்லாவற்றிலும் மேலானது. புகெட் தீவில் மீ கடை நடத்தும் ஒரு தாயின் மகன், சர்வகலாசாலை அனுமதிக்காகப் படிக்கிறான். நண்பன்மீது தனக்குள்ள உணர்ச்சியைக் கண்டு தானே நடுங்குகிறான். பின் அந்நண்பனுக்காகத் தன் அனுமதியையே விட்டுக்கொடுக்கிறான். தாயின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மகன் அழும்போது அண்ணன் அவனைத் தேற்றும் காட்சியைக் குடும்பத்தோடு இருந்து பார்க்கலாம். வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இம்மூன்று தொடர்களையும் பெற்றோர் உடனிருந்து பார்ப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. 'தார்ன்டைப்'பை மாணவர் கையிற் கொடுக்க மாட்டேன்.

இந்த நாடக உலகில் சட்டம் என்று ஒன்று கண்ணிற் படுவதே இல்லை. தாய்லாந்தில் அது ஓரளவு உண்மைதான். 1957-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தோடு இத்தகைய உறவைக் குற்றமாக்கும் பிரிவு அங்கே நீங்கிற்று. 2025 ஜனவரி 23 முதல் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி விவாகம் செய்துகொள்ளலாம். நம் நாட்டிலோ ஆங்கிலேயர் 1883-இல் எழுதிவைத்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒரு நூற்றாண்டையும் தாண்டி வந்தன. 1995-இல் அதைத் திருத்தியபோது, ஆண்களை மட்டும் சுட்டிய சொல்லை மாற்றிப் பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். 2023 மே மாதத்தில், இதனை மாற்றுவதற்காகப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது; அதற்குள் அச்சட்டமூலம் நிறைவேறவில்லை. தாய்லாந்துப் பிள்ளைகள் கைகோத்துக் கடற்கரையில் நடப்பதைத் திரையிற் கண்டு, அதே தைரியத்தில் ஹட்டன் பஸ் நிலையத்தில் நடக்கலாமென்று எண்ணும் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டைச் சொல்லிவைக்க வேண்டியவர் யார்? நாடகம் சொல்லாது.

சட்டத்தைவிடப் பெரியது ஊர் வாய். மலையகத்தின் ஊர் வாயை நினைக்கும்போது எனக்குக் காமன் கூத்தும் சேர்ந்து நினைவுக்கு வரும். மாசி மாதத்தில் காமனும் இரதியுமாக வேடம் கட்டுபவர் இருவரும் ஆண்களே. என் பாட்டனார் பல வருடம் இரதி வேடம் கட்டியவர். காமன் எரிந்தபின் அவர் ஒப்பாரி வைத்தால் தோட்டமே அழும் என்று பாட்டி பெருமையாகச் சொல்வாள். அது வேடம், இது வாழ்வு. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆயினும் ஆண் குரலில் எழும் காதலையும் பிரிவையும் கேட்டு விடியவிடிய அழத் தெரிந்த அதே சனங்கள், பகலில் ஒரு பையன் சற்று மென்மையாக நடந்தால் வைக்கும் பட்டப்பெயர்களை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

தொலைபேசியைப் பிடுங்காத காரணத்தைச் சொல்வதாக வாக்களித்தேன். ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முன் நான் படிப்பித்த பாடசாலையில் ஒரு மாணவன் இருந்தான். தகப்பன் தேயிலை ஸ்டோரில் இரவு வேலை, தாய்க்குக் கொழுந்து. கணிதத்தில் அவனுக்கு நிகர் எவருமில்லை. சாதாரணதரப் பரீட்சைக்கு இரண்டு மாதமிருக்கையில், அவன் கொப்பிக்குள் இருந்த கடிதம் ஒன்று ஆசிரியர் அறைக்கு வந்து சேர்ந்தது. அது உடன் படித்த ஒரு பையனுக்கு எழுதியது. ஆபாசமாக ஒரு சொல்லும் அதில் இல்லை. 'நீ வராத நாளில் வகுப்பு இருட்டாக இருக்கிறது' என்பது போன்ற வரிகளே. எங்களில் ஒருவர் அதைக் குரலை ஏற்றி இறக்கி வாசித்தார். அறையே சிரித்தது. பகல் மணி அடிப்பதற்குள் பாடசாலை முழுவதும், பொழுது சாய்வதற்குள் லயங்கள் முழுவதும் செய்தி பரவிற்று. மறுநாள் அவன் வரவில்லை. பரீட்சைக்கும் வரவில்லை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கிறான் என்று சில மாதங்கள் கழித்துக் கேள்விப்பட்டேன். தாய் மட்டும் பிரட்டுக்களத்தில் என்னைக் காணும்போதெல்லாம், வழக்கம்போல, "கும்பிடுறேன் சார்" என்பாள்.

இதை மருமகளிடம் சொன்னது, அந்தத் தொடரின் கடைசி அத்தியாயத்தைப் பார்க்க உட்கார்ந்த இரவில். மின்சாரம் போயிருந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

"நீங்களும் சிரிச்சீங்களா, மாமா?"

"சிரித்தேன்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்துக்குப் பின் தொலைபேசியை இருவருக்கும் நடுவில் சாய்த்துவைத்து, நாடகத்தைப் போட்டாள்.